கீழே வைத்த பாட்டு

நுகுலேவா,
3 பிப்ரவரி 1992

அன்புள்ள லோசா அக்காவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் வலது கை இன்னும் அசையவில்லை, பேச்சும் வரவில்லை. ஆனால் சீமைப்பலாவைக் குழைத்துக் கொடுத்தால் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறார். அந்தக் குளிர் ஊரில் நீயும் டினாவும் எப்படி இருக்கிறீர்கள்? டினாவின் இருமல் விட்டதா?

எனக்கு மூப்பர் அவையில் எழுத்து வேலை கொடுத்திருக்கிறார்கள். சுவாவில் கல்லூரி படித்துப் பட்டம் வாங்கி வந்து, கப்பலில் இறங்கும் அரிசி மூட்டைகளை எழுதி வைக்கிறேன். கிணற்றடியில் என்னைக் கண்டதும், "பட்டம் வருது, பேச்சைச் சுருட்டுங்கடி" என்று சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிடுகிறேன். வேறென்ன செய்ய, உனக்கு என்னைத் தெரியும்.

ஒரு புதுச் செய்தி. போன ஆண்டு விளையாட்டு விழாவில் ஒவ்வொரு தீவின் கொடிக்கும் அதன் கீதத்தை வாசித்தார்களாம். நம் முறை வந்தபோது வாசிக்க ஒன்றும் இல்லை. கொடி சும்மா ஏற, யாரோ இருமினாராம். அந்த இருமல்தான் நம் கீதம் என்று மற்றத் தீவுக்காரர்கள் கேலி செய்ததில் மூப்பர் அவைத் தலைவர் கபேலிக்கு இன்னும் ஆறவில்லை. இந்த ஆண்டுக்குள் நமக்கென்று ஒரு கீதம் வேண்டும் என்கிறார். அதைத் தேர்ந்தெடுப்பதும் நம் முறைப்படியே. பிடித்த மீனையெல்லாம் வீட்டுக்கு வீடு பிரிக்கப் பங்குத் திடலில் கொட்டுவதுபோல, ஒவ்வொரு வீடும் ஒரு பாட்டைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். வைக்காத வீடு இருக்கக் கூடாது.

நம் வீட்டில் எழுந்து நிற்கக் கூடியவள் நான் ஒருத்திதான். எனக்குப் பாட்டுக் கட்ட வராது. நீ அதை விட்டுவிட்டாய் என்று தெரியும், அதனால் உன்னைக் கேட்கவில்லை.

உன் தங்கை,
பெலே

*

போரிருவா,
1 மார்ச் 1992

அன்புள்ள பெலேவுக்கு,

நாங்கள் நலம். டினாவின் இருமல் போய்விட்டது. சுவரில் பூத்த பூஞ்சைதான் போகவில்லை, துடைக்கத் துடைக்க வருகிறது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என்னை வேறு நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அப்பாவை வெயிலேறும் முன் வெளியே உட்கார வை, முதுகுக்கு எண்ணெய் தேய்.

கேட்கவில்லை என்று எழுதுவதும் கேட்பதும் ஒன்றுதான். நான் கட்டுவதில்லை, பெலே. ஆறு வருடத்துக்கு முன் ஒன்று கட்டினேன். தீவைப் பார்க்க வந்த வெள்ளைக்கார நிர்வாகியின் விருந்துக்கு மீன் வேண்டுமென்று, காற்று சரியில்லை என்று சொன்ன மூன்று பேரைக் கபேலி கடலுக்கு அனுப்பினார். படகின் ஒரு பலகைகூடத் திரும்பவில்லை. புதைக்க ஒன்றும் இல்லாததால் பாட்டாவது இருக்கட்டும் என்று துக்க வீட்டில் பாடினேன்.

*காற்று சொன்னது, அவர்கள் கேட்டார்கள்;*
*அனுப்பியவர் கேட்கவில்லை.*
*தாலே, பியோ, மிகாயேலே.*

நடுவரிக்காக அவர் அந்தப் பாட்டையே தீவில் பாடக் கூடாது என்றார். டினா அப்போது என் வயிற்றில். அடுத்த கப்பலில் ஏறினேன். இங்கேயும் அதை நான் பாடவில்லை. டினாவுக்கும் பாடிக் காட்டவில்லை. தன் அப்பா பியோ மீன் பிடிக்கப் போனார் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். கேட்கும் வயது வரும்போது முதலில் என் வாயால் கேட்கட்டும் என்று வைத்திருக்கிறேன். பியோவுக்கு இருக்கிற கல்லறை அது ஒன்றுதான்.

ஆனால் நீ வெறுங்கையோடு ஊர் முன் நிற்காதே. நம் வீட்டை இளக்காரமாகப் பேச அவர்களுக்கு இன்னொன்று கிடைக்க வேண்டாம். எதையாவது வை.

அப்பாவுக்கு என் முத்தம்.
லோசா

*

நுகுலேவா,
24 மார்ச் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் டினாவின் படமும் கிடைத்தன. அவளுக்குப் பியோ அத்தானின் நெற்றி. அப்பா படத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். உடம்பு அப்படியேதான் இருக்கிறது.

ஈஸ்டருக்கு அடுத்த நாள் திடலில் கூடுகிறோம். கடல்பக்கத்தாரும் காயல்பக்கத்தாரும் இப்போதே அடித்துக்கொள்கிறார்கள். "காயல்காரங்க தொண்டையில தண்ணி தேங்கி நிக்குது, அவங்க பாட்டுல பாசி வாடைதான் வரும்" என்று இவர்கள். "கடல்காரங்க பாடினா இருக்கிற மீனும் ஓடிரும்" என்று அவர்கள். கிரிக்கெட்டில் தோற்ற கோபமெல்லாம் இதில் இறங்குகிறது.

யார் கட்டியது என்று கேட்கக் கூடாது என்பது கபேலியின் விதி. "மீன் யார் தூண்டில்ல மாட்டிச்சுன்னு கேட்டா பங்கு பிரிக்கிறோம்? கீழ வச்சா ஊரோடது" என்றார். விதி நல்லதாகத்தான் படுகிறது. உன்னைப் பற்றிக்கூட விசாரித்தார். நலம் என்றேன்.

நான் மூன்று முறை உட்கார்ந்து பார்த்துவிட்டேன். தேர்வுக் கட்டுரை மாதிரிதான் வருகிறது.

பெலே

*

போரிருவா,
5 ஏப்ரல் 1992

அன்புள்ள பெலேவுக்கு,

இருவரும் நலம். அவசரமாக எழுதுகிறேன், இது இன்றைய விமானத்தில் ஆப்பியா போய்க் கப்பலைப் பிடித்தாக வேண்டும்.

எனக்கு இரண்டாவது பாட்டு வராது என்றே நினைத்திருந்தேன். வந்துவிட்டது. சலவை இயந்திரம் சுற்றும் சத்தத்துக்கு நடுவே வந்தது. பக்கத்தில் நிற்கும் சாமோவாக்காரி, "என்னடி, வேலைக்குச் சம்பளம் கூட்டிட்டாங்களா, முணுமுணுக்குற?" என்கிறாள். இத்துடன் இருக்கிறது. அலை அடித்துச் சாய்த்த தென்னை, சாய்ந்தபடியே காய்க்கிறது, அவ்வளவுதான் பாட்டு. மெட்டு நம் பழைய துடுப்புப் பாட்டின் நடை. நீ இரண்டு முறை சொல்லிப் பார்த்தால் வந்துவிடும். யாரையும் குற்றம் சொல்லவில்லை, கபேலி பயப்பட வேண்டாம்.

நம் வீட்டுப் பெயர் சொல்ல வேண்டாம். ஆனால் ஊர் அதை எழுந்து நின்று பாடினால் எனக்கு எழுது. எந்தத் திசையைப் பார்த்து நின்று பாடினார்கள் என்றுகூட எழுது.

லோசா

*

நுகுலேவா,
10 மே 1992

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவும் நானும் சுகம். உங்கள் இருவர் சுகத்துக்கும் நேற்றுப் பூசையில் வேண்டிக்கொண்டேன்.

கப்பல் இயந்திரம் பழுதாகி ஆப்பியாவிலேயே நின்றுவிட்டது. உன் பாட்டு ஈஸ்டர் கழிந்து இரண்டு வாரத்துக்குப் பிறகு வந்தது. நல்ல பாட்டு, அக்கா. அந்தச் சாய்ந்த தென்னை நம் கிணற்றடித் தென்னைதானே? அதைத் திடலில் வைக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அன்று நடந்ததை எழுதுகிறேன். புன்னை மரத்தடியில் எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்தோம். பங்கு பிரிப்பதுபோலவே ஒவ்வொரு வீட்டுப் பெயராகக் கூப்பிட்டார்கள். கடல்பக்கத்து சேகோ வீட்டுப் பாட்டில் மூன்றாவது வரி காயல்பக்கத்தைத் திட்டுவதாக ஒரே சண்டை. "இது கீதமா, கிரிக்கெட்டுல ஜெயிச்ச பாட்டா?" என்று ஒருத்தி எழுந்துவிட்டாள். இன்னொரு வீட்டுப் பாட்டைக் கேட்டு ஒரு கிழவர், "இது ரேடியோவுல சோப்புக்குப் பாடுறது, எனக்கே தெரியும்" என்றார். அந்த வீட்டுக்காரர் அசரவில்லை. "சோப்பு மட்டும் ஊருக்கு வேணாமா?" என்றார்.

ஆனால் மாலையாக ஆகச் சிரிப்பு குறைந்தது. ஒரு பக்கத்துப் பாட்டுக்கு மறு பக்கம் மரப்பெட்டி மேளம் தட்ட மறுத்தது. இப்படியே போனால் எந்த வெள்ளைக்காரப் பேண்டு மாஸ்டரிடமாவது எழுதி வாங்க வேண்டியதுதான் என்று கபேலி எழுந்துவிட்டார். நம் வீடு கோடி வீடு என்பதால் கடைசியாகக் கூப்பிட்டார்கள். நானும் ஏதோ வைத்தேன். வெறுங்கையோடு நிற்கவில்லை.

அதன் பிறகு சண்டை ஓய்ந்தது. இருட்டுவதற்குள் ஒரு மெட்டு முடிவாகிவிட்டது. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒப்புக்கொண்டது நானறிய இதுதான் முதல் தடவை. சொற்களைத்தான் சரிபார்க்க வேண்டுமாம்.

தென்னஞ்சர்க்கரைப் பாகு ஒரு போத்தல் அனுப்பியிருக்கிறேன். உடையாமல் வந்ததா?

பெலே

*

போரிருவா,
2 ஜூன் 1992

அன்புள்ள பெலேவுக்கு,

பாகு உடையாமல் வந்தது. டினா விரலை விட்டு விட்டே பாதியை முடித்துவிட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ சுகமா? கையெழுத்து ஏன் இப்படிச் சாய்கிறது?

பாட்டு தாமதமானால் என்ன, கட்டினேனே, அது போதும். நாட்கணக்காக அதையேதான் முணுமுணுக்கிறேன்.

ஆனால் நீ கடிதம் எழுதும் அழகே அழகு. சோப்புப் பாட்டை எழுதினாய், சண்டையை எழுதினாய், கிழவர் சொன்னதை எழுதினாய். நீ என்ன வைத்தாய் என்று எழுதவில்லை. எந்தப் பாட்டு முடிவானது என்றும் எழுதவில்லை. பட்டம் வாங்கியவர்கள் முக்கியமானதை விட்டுவிட்டுத்தான் எழுதுவார்களா? கடல்பக்கமா, காயல்பக்கமா? யார் வீட்டுப் பாட்டு?

சீக்கிரம் எழுது.
லோசா

*

நுகுலேவா,
28 ஜூன் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அப்பாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்து இறங்கிவிட்டது. மழை இல்லாமல் தொட்டியில் தண்ணீர் குறைந்துவிட்டது, வீட்டுக்கு இத்தனை வாளி என்று அளந்து கொடுக்கிறார்கள்.

முடிவானது ஒரு பழைய மெட்டு. எல்லோருக்கும் தெரிந்தது. சொற்களைச் சரிசெய்யும் வேலையைக் கபேலி என்னிடம் கொடுத்திருக்கிறார், படித்தவள் என்பதால். வேலை அதிகம், அதனால்தான் கடிதம் சிறியது.

வெளியூரில் இருக்கும் நம்மவர்களும் பழகுவதற்காக எல்லா மன்றங்களுக்கும் ஒலிநாடா அனுப்புகிறார்கள். போரிருவாவுக்கும் வரும்.

டினாவை நன்றாகப் பார்த்துக்கொள். நீயும் குளிரில் வெளியே நிற்காதே.

பெலே

*

போரிருவா,
3 ஆகஸ்ட் 1992

பெலேவுக்கு,

நான் நலம். அப்பாவின் காய்ச்சல் திரும்பவில்லை என்று நம்புகிறேன்.

டினா ஞாயிற்றுக்கிழமை மன்றத்துக்குப் போய்விட்டுப் பாடிக்கொண்டே வந்தாள். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். முதல் வரி வாசலிலேயே கேட்டுவிட்டது.

"எங்க கத்துக்கிட்ட?"

"மன்றத்துலம்மா. இது நம்ம தீவோட பாட்டு. கேட்டா எழுந்து நிக்கணும். நீ ஏன் உக்காந்திருக்க?"

"முழுசும் பாடு."

பாடினாள். அவளுக்கு நல்ல குரல், எனக்கு இதுவரை தெரியாது.

*காற்று சொன்னது, நாங்கள் எழுந்தோம்;*
*ஆண்டவரே அனுப்பினார்.*
*தென்னையே, கடலே, தாய்நிலமே.*

என்னிடமிருந்து முதலில் கேட்க வேண்டியதை ஒலிநாடாவிலிருந்து கேட்டிருக்கிறாள். இனி நான் பழைய சொற்களைப் பாடினால், "தப்பாப் பாடுறம்மா" என்பாள்.

ஆண்டவரே அனுப்பினார் என்பது நன்றாகப் பொருந்தியிருக்கிறது. ஓர் அசைகூட இடறவில்லை. எழுதியவருக்குப் படிப்பு இருக்கிறது. உன் கட்டணத்துக்காக நான் இரவு வேலையும் பார்த்த வருடங்கள் வீண்போகவில்லை.

லோசா

*

நுகுலேவா,
30 ஆகஸ்ட் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா சுகம். என் சுகத்தைக் கேட்காதே.

அன்று திடலில் நான் எழுந்து நின்றேன். "என்ன பொண்ணே, சுவாவுல பாட்டு சொல்லித் தரலையா?" என்றார் கபேலி. "அவ எழுதித்தான் காட்டுவா, பாட மாட்டா" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அப்பா பாயில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையாவது வை என்று நீ எழுதியிருந்தாய். வாயைத் திறந்தேன், வந்தது அது. சொல் இல்லாமல், மெட்டு மட்டும்.

நிறுத்திவிடத்தான் நினைத்தேன். அதற்குள் பின்வரிசைப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பெட்டி மேளம் சேர்ந்தது, இரண்டு பக்கமும் சேர்ந்தது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அக்கா. கூடாது என்று சொன்ன நாளிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளையைத் தூங்க வைக்கும்போது உதட்டைத் திறக்காமல் பாடியிருக்கிறார்கள். கபேலிக்கும் தெரிந்தது. முகத்தைப் பார்த்தேன். யாராவது எழுந்து உன் பெயரைச் சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பாரோ. யாரும் சொல்லவில்லை, அவர் விதிதான் இருக்கிறதே. அவர் கையை உயர்த்தி, மீனுக்குச் சொல்வதுபோலவே சொன்னார்: "கீழ வச்சாச்சு. எல்லாருக்கும் உண்டு."

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன்.

"மூப்பரே, அது எங்க அக்காவோடது. திருப்பி எடுத்துக்கிறேன்."

"திடல்ல வச்ச மீனை யாராவது வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய்ப் பாத்திருக்கியா?"

"இது மீன் இல்ல."

"அப்புறம் எதுக்குப் பொண்ணே திடல்ல வச்ச?"

அவர் உன் பழைய சொற்கள் எழுதிய ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "நடுவுல ஒரு வரிதான் இடிக்குது. பேருங்க வேணாம், கீதத்துல ஆள் பேரு வராது. நீயே சரி பண்ணிரு. அக்காவோடதைத் தங்கச்சி தொட்டா தப்பில்ல."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வேறு யாரோ எழுதினால் உன் சொல் ஒன்றுகூட மிஞ்சாது, நான் எழுதினால் முடிந்தவரை காப்பாற்றலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் 'காற்று சொன்னது' மிஞ்சியது. அது மிஞ்சியதுதான் பெரிய கொடுமை என்று உன் கடிதத்தைப் படித்த பிறகே தெரிந்தது.

கீத விருந்துக்கு இரண்டு படகு சூரை மீன் வந்தது. பாட்டு வைத்த வீட்டுக்குத் தலைப் பங்கு என்று தீர்மானித்தார்கள். வீட்டுக்கு மூத்தவள் நீ என்பதால் உன் பெயருக்கு அனுப்ப வேண்டும் என்று கபேலியே சொல்லிவிட்டார். உலர்த்திப் பெட்டியில் கட்டியிருக்கிறார்கள். அவர்தான் நின்று கட்ட வைத்தார். நான் தடுக்கவில்லை.

பெலே

*

போரிருவா,
18 அக்டோபர் 1992

பெலேவுக்கு,

அப்பாவுக்குக் குளிர் காலத்துச் சட்டை ஒன்று அனுப்புகிறேன். அங்கே குளிர் இல்லை என்று தெரியும். இங்கே மலிவாகக் கிடைத்தது, இரவில் போட்டு விடு.

போன சனிக்கிழமை மன்றத்தில் கொடி ஏற்றினார்கள். நான் போகாமல் இருந்திருப்பேன். டினா முன்வரிசையில் பாடுகிறாள், போகாமல் எப்படி? மெட்டு தொடங்கியதும் நாற்காலிகளெல்லாம் ஒரே சத்தமாகப் பின்னால் நகர்ந்தன. நான் உட்கார்ந்திருந்தேன். டினா பாடிக்கொண்டே என்னைப் பார்த்துக் கையை மேலே மேலே ஆட்டினாள். பக்கத்திலிருந்தவர், "முட்டி வலியாம்மா?" என்று கேட்டு முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

நின்றேன். எந்தத் திசையைப் பார்த்து நின்றார்கள் என்று உன்னைக் கேட்டிருந்தேன். இங்கே கொடிக்கம்பத்தையும் அதற்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்தையும் பார்த்து நிற்கிறோம்.

பெயர்கள் வரும் இடம் வந்தது. எல்லோரும் தாய்நிலமே என்றார்கள். என் வாயும் தாய்நிலமே என்றது.

பெட்டி வந்தது. திறக்கவில்லை, சட்டையுடன் திருப்பி அனுப்புகிறேன். நம் தீவில் பங்கைத் திருப்பியவர்கள் இல்லை என்று எனக்கும் தெரியும்.

லோசா

*

நுகுலேவா,
6 டிசம்பர் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

சட்டை அப்பாவுக்குச் சரியாக இருக்கிறது. வியர்த்தாலும் கழற்ற விடுவதில்லை. நீயும் டினாவும் நலமாக இருக்க வேண்டும். போன இரண்டு கப்பலிலும் உன்னிடமிருந்து கடிதம் இல்லை, அதனால் இதைப் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன்.

பெட்டி கரை சேர்ந்த அன்று அதை யார் வீட்டுக்கும் எடுத்துப் போக முடியவில்லை. உன் பெயர் எழுதியிருந்தது, நீ வேண்டாம் என்றிருந்தாய். நான் கபேலியிடம் நேராகவே சொன்னேன்: "அக்கா வேணாம்னு திருப்பிட்டா, மூப்பரே. கோவத்துல திருப்பிட்டா." இவ்வளவு சத்தமாக நான் அவரிடம் பேசியதில்லை. சுற்றி நின்றவர்களும் கேட்டார்கள்.

அவர் பெட்டியின் கட்டை அவிழ்த்தார். பிறகு, "ஆள் இல்லாத மீன் எங்க போகும்? திடலுக்குத்தான்" என்றார். புன்னை மரத்தடியில் கொட்டினார்கள். ஒவ்வொரு வீட்டுப் பெயராகக் கூப்பிட்டார்கள். "லோசா ஊருக்குக் குடுத்திருக்கா. நல்ல மனசு" என்றார் அவர். பெண்கள் உன்னை வாழ்த்தினார்கள். இப்போதெல்லாம் பங்கு பிரிக்கும் முன் கீதம் பாட வேண்டும். பாடினோம்.

நம் வீட்டுப் பங்கையும் கூப்பிட்டார்கள். போய் வாங்கிக்கொண்டேன். அப்பாவுக்கு ஊற வைத்துக் கொடுத்தேன். நானும் சாப்பிட்டேன்.

பள்ளியில் ஆசிரியை ஒருவர் குறைவு என்று ஜனவரி முதல் என்னை அங்கே அனுப்புகிறார்கள். காலையில் பிள்ளைகளுக்கு முன் நின்று பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். இப்போதே இரண்டு வாரமாகப் போய்ப் பழகுகிறேன். கடைசி வரி வரும்போது நான் மனதுக்குள் அந்த மூன்று பெயரைச் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறேன். என்னுடையது சின்னக் குரல். பிள்ளைகள் பாட்டுக்குப் பாடிக்கொண்டே போகிறார்கள், ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

உன் தங்கை,
பெலே